ஆத்தைப் பார்த்த அரண்மனை

போன மாசம் ஒரு நாள் வெள்ளென எங்க சித்தப்பா பையன் போன் பண்ணினான். "ஏனுங்ணா, ஆத்தோரச் சாளையை ஒரு பார்ட்டி கேக்கறாங்க. பதினஞ்சு வருச லீசு. அவங்களே ஓடு மாத்தி, பாத்ரூம் கட்டி, நீச்சல் குளம் போட்டு, கெஸ்ட் ஹவுஸா நடத்திக்குவாங்களாமா. மாசம் பொறந்தா பணம் அக்கவுண்ட்ல விழுந்துரும்"னான்.

சாளைன்னா எங்க பக்கம் தோட்டத்துக்குள்ளயே இருக்கற வீடு. எங்க அப்பாரு கட்டினது. ஆனைமலைக்குக் கீழே ஆழியாத்தைப் பார்த்த மாதிரி நீளத் திண்ணை, நாட்டு ஓடு, பின்னால கட்டுத்தறி. வீட்டை ஒட்டி ஒரு இட்டேரி போகும். அது நேரா ஆத்துக் கடவுல போய் முடியும். எனக்கும் அவனுக்கும் பொதுச் சொத்து. இப்ப அதுல யாரும் குடியில்லை. தேங்காய் போடற இடமா கிடக்குது.

அவன் கேட்டதுல தப்பே இல்லைங்க. எங்க பக்கம் தென்னை நிலைமை கொஞ்ச வருசமா எப்படின்னு இதுக்கு முன்னாடியே புலம்பியிருக்கேன். முதல்ல வெள்ளை ஈ வந்துச்சு. பொறவு கேரளா வாடல் நோய். அவன் பங்குல மட்டும் அறுபது மரத்துக்கு மேல வெட்டி எடுத்தாச்சு. காய்ச்ச மரத்தை வெட்டறப்ப நிக்க முடியாம வீட்டுக்குள்ள போயிட்டான். அப்படிப்பட்டவன்கிட்ட ஒருத்தர் வந்து "உங்க ஆத்துக்காத்துக்கு மாசம் இவ்வளவு தர்றேன்"னா யாருக்குத்தான் ஆசை வராது.

ஆனா பார்ட்டி ஒரு கண்டிசன் போட்டிருக்காங்க. இட்டேரியை மூடி, ஆத்தோரம் பூரா கம்பிவேலி. கெஸ்ட்டுக்குப் 'பிரைவசி' வேணுமாம். அந்த இட்டேரி வழியாத்தான் கீழ்க்காட்டு ஆளுங்க துவைக்கப் போறாங்க, மாடு தண்ணிக்குப் போகுது, எங்க வாய்க்கா மடையைத் திறக்கவும் அதுதான் வழி.

"ஒரு வாரம் பொறு தம்பி, ரோசனை பண்ணிச் சொல்றேன்"னேன். ரோசனை பண்றதுக்காக நான் போன இடம் செறுதுருத்தி. கேரளாவுல, ஷொர்ணூருக்கு எதிர்க்கரை. ஒரு கல்யாணமும் ஷொர்ணூர்ல இருந்துச்சு, சாக்கு கிடைச்சுது. அங்கே பாரதப்புழையைப் பார்த்த மாதிரி கொச்சி ராஜாக்களோட பழைய வெயில் கால அரண்மனை ஒண்ணு இருக்கு. இப்ப 'ரிவர் ரிட்ரீட்'ங்கற பேர்ல ஆயுர்வேத ஓட்டல். ஆத்தோர வீடு விருந்தாளி வீடா மாறினா எப்படி இருக்கும்னு பார்க்க ஆசை.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்க தண்ணி.

பட்டணத்துல நிறையப் பேருக்கு இது தெரியறதில்லை. கொங்கு நாட்டு ஆறுன்னா பவானி, நொய்யல், அமராவதி, எல்லாம் கிழக்கே போய்க் காவேரியில சேரும்னு படிச்சிருப்பீங்க. ஆழியாறு அப்படி இல்லை. ஆனைமலையில இறங்கி, அம்பராம்பாளையம் தாண்டி, மணக்கடவுல மேற்கே திரும்பிக் கேரளாவுக்குள்ள போயிரும். அங்கே சித்தூர்ப்புழைன்னு பேர். பொறவு கண்ணாடிப்புழை. பறளிக்கிட்ட கல்பாத்திப்புழையோட சேர்ந்து பாரதப்புழை ஆகுது. மலையாளத்துக்காரங்க 'நிளா'ன்னு செல்லமாக் கூப்பிடறாங்களே, அந்த 209 கிலோமீட்டர் ஆத்துல எங்க வாய்க்கா மடையில கால் கழுவின தண்ணியும் இருக்குது. பொள்ளாச்சியில ரயில் ஏறிப் பாலக்காடு போய், அங்கிருந்து ஷொர்ணூர் போனா, பறளி, லக்கிடி, ஒத்தப்பாலம்னு ஆறு ஜன்னலை விட்டு அதிகம் விலகாது. நம்ம வீட்டுப் பிள்ளையைக் கட்டிக் குடுத்த ஊருக்குப் போற மாதிரி இருந்துச்சு.

அரண்மனை அந்த இடத்துல ஏன் வந்துச்சுன்னு கரையில நின்னு பார்த்தாலே புரியும். பாரதப்புழைதான் அங்கே கொச்சி ராஜ்ஜியத்தோட வடக்கு எல்லை. இக்கரை செறுதுருத்தி ராஜாவுக்கு. அக்கரை ஷொர்ணூர் வெள்ளைக்காரனோட மலபார் ஜில்லா. அதாவது அக்கரையும் நம்ம கோயமுத்தூரும் அன்னைக்கு ஒரே சென்னை மாகாணம். 1902-ல ஷொர்ணூர்ல இருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் விட்டதும் கொச்சி ராஜாதான். காசு பத்தாம, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளோட தங்க நெற்றிப்பட்டத்துல பதினாலை வித்தார்னு இன்னைக்கும் சொல்றாங்க. கடவு, பாலம், ரயில், எல்லை எல்லாம் கூடற இடத்துல ராஜாவுக்கு ஒரு வீடு. வெயில் காலத்துல காத்து வாங்கறதும் உண்டுதான், ஆனா அங்க உக்காந்து பார்த்தா அவரோட நாட்டு ஓரம் பூரா கண்ணுக்குத் தெரியும்.

அதே கரையில கொஞ்சம் தள்ளிப் பழைய கலாமண்டலம். கவிஞர் வள்ளத்தோளும் முகுந்த ராஜாவும் 1930-ல ஆரம்பிச்ச கதகளிப் பள்ளிக்கூடம். வள்ளத்தோளோட சமாதியும் அங்கேயே ஆத்தோரம்தான். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தேன். நான் பார்த்தப்ப ஆத்துல தண்ணி ஒரு ஓரமா, நம்ம பெரிய வாய்க்கா அளவுக்குத்தான் போயிட்டிருந்துச்சு. மிச்ச அகலம் பூரா புல்லு, நாணல், புதர். நடுவுல எருமை மேயுது. பல வருசமா லாரி லாரியா மணலை அள்ளினதுல தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்க ஆத்துக்கு மடி இல்லாமப் போச்சுன்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னார். 2018 ஆகஸ்ட்ல இதே ஆறு ரெண்டு கரையும் புரண்டு ஓடுச்சுன்னும் அவர்தான் சொன்னார். வந்தா ஊரைக் கொண்டு போறது, இல்லைன்னா எருமை மேயறது.

அரண்மனையைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்லை. அது நிக்கறதே பெரிய விசயம். ராஜாக்களும் ஜமீனும் போன பொறவு பெரிய வீடுகளுக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. 1949-ல கொச்சி திருவிதாங்கூரோட சேர்ந்துச்சு. கொச்சி ராஜ குடும்பம் தாய்வழி வாரிசு, பாகம் கேக்கற ஆளுங்களே நூத்துக்கணக்குல. அந்தப் பாகத்துக்குன்னே 1961-ல தனிச் சட்டம் போட வேண்டியிருந்துச்சு. திருப்பூணித்துறை ஹில் பேலஸ் மியூசியம் ஆயிருச்சு. இந்தப் பக்கம் 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1961-ல நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல அது பதினஞ்சு. வருமானம் போச்சு, ஓடு மாத்தற செலவு மட்டும் போகலை. அந்த மாதிரி வீட்டுக்கு மூணு வழிதான். இடியணும், சினிமாக்காரன் வரணும், இல்ல விருந்தாளி வரணும். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிங்காநல்லூர் பங்களாவை நீங்க எல்லாரும் 'தேவர் மகன்' படத்துல பார்த்திருப்பீங்க. எங்களுக்கு இன்னும் பக்கமா கொல்லங்கோட்டுல வேங்கநாடு கோவிலகம் இருக்கு. அதுவும் இப்பக் 'களரி கோவிலகம்'ங்கற ஆயுர்வேத இடம். உள்ளே கறி கிடையாது, சரக்குக் கிடையாது, தோல் செருப்பை வாசல்லயே விட்டுரணும். எங்க பங்காளிக யாரும் ரெண்டு நாளு தாங்க மாட்டாங்க, ஆனா விருந்தாளிக்காக வீடு வளையாம, வீட்டுக்காக விருந்தாளி வளையறது எனக்குப் பிடிச்சிருக்கு.

என்னோட வருத்தம் வேற இடத்துல இருக்கு.

ஆத்தோரம் பெரிய வீடு கட்டினவன், ராஜாவோ ஜமீன்தாரோ எங்க அப்பாரோ, அந்த ஆத்தை ஒரு சோலிக்காக வெச்சிருந்தான். வரி வரணும்னா வயல் விளையணும், வயல் விளையணும்னா ஆறு ஓடணும். அவன் நல்லவனா கெட்டவனாங்கறது வேற கதை. அநியாயம் பண்ணினவங்களும் உண்டு. ஆனா ஆறு காஞ்சா அவனுக்கும் வயிறு காயும். அதனால மேல ஒருத்தன் அணை கட்டறான்னா கேள்வி கேட்பான், கடவுல மணலைத் தோண்டறான்னா ஆளை விடுவான். வீடு ஓட்டல் ஆனா, ஆறு ஒரு காட்சி. காட்சி போனா அடுத்த சீசனுக்கு வேற ஒண்ணைக் காட்டலாம். தண்ணி இல்லைன்னா நீச்சல் குளம், அதுக்குப் போர்வெல், இல்லைன்னா டேங்கர். ஆறு செத்துட்டே இருக்கறப்ப 'ரிவர் வியூ' ரூம்ல ஆள் இருக்கத்தான் செய்வாங்க. அந்த வீட்டுக்குள்ள ஆத்துக்காகச் சண்டை போட ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

இதைச் செறுதுருத்திக் கரையில நின்னு பெருசா நினைச்சுட்டிருந்தவனுக்கு, பக்கத்துல இருந்த அந்த ஊர்க்காரர் ஒரே வார்த்தையில வாயை அடைச்சுட்டார். எந்த ஊர்னு கேட்டார். பொள்ளாச்சின்னேன். சிரிச்சுட்டே, "அப்போ தண்ணி உங்ககிட்டதானே இருக்கு?"ன்னார்.

உண்மைதாங்க. எதிர்த்துப் பேச எனக்கு வார்த்தை இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இல்லைன்னா பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் இன்னைக்குப் பனையும் சோளத்தட்டுமாத்தான் இருந்திருக்கும். மேற்கே போற தண்ணியை மலைக்குள்ள சுரங்கம் குடைஞ்சு கிழக்கே திருப்பின திட்டம் அது. 1961-ல நேரு வந்து தொடங்கி வெச்சார். சின்ன வயசுல அப்பாரு அதைச் சாமி கதை மாதிரி சொல்லுவார். கேரளாவோட ஒப்பந்தம் 1970-ல கையெழுத்தாச்சு, 1958-ல இருந்தே செல்லும்னு எழுதினாங்க. அதுப்படி வருசத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவுல அவங்களுக்கு நாம விடணும். ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. ஆழியாறு அணை முழுசா ரொம்பினா 3.86 டிஎம்சிதான், கணக்குப் போட்டுப் பாருங்க. ஒவ்வொரு கோடைக்கும் "குடுத்தாச்சு", "வரலை"ன்னு ரெண்டு பக்கமும் கத்துவாங்க. நான் எப்பவும் இந்தப் பக்கம் நின்னு கத்தினவன்தான். ஆத்தோட வால்ல போய் நின்னு பார்த்தது அன்னைக்குத்தான் முதல் தடவை.

எல்லாப் பழியையும் தூக்கித் தலையில வெச்சுக்க மாட்டேன். அவங்க பக்கத்துலயும் மலம்புழை மாதிரி அணைகள் இருக்கு, மணல் அள்ளினதும் அவங்களேதான். ஆனா அந்த அரண்மனைத் திண்ணைக்கு முன்னால ஆறு ஒரு ஓரமாப் போறதுல எங்க தென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாம ஓட்டல்காரனை மட்டும் பேசினா யோக்கியமா இருக்காது.

திரும்பி வர்றப்ப ரயில்ல காலிங்கராயன் ஞாபகம்தான். பவானியில அணை கட்டி, ஆவுடையார்பாறை வரைக்கும் 56 மைல் வாய்க்கா வெட்டினவர், பதிமூணாம் நூற்றாண்டு. "உன் சொந்தத்துக்குத்தானே வாய்க்கா வெட்டினே"ன்னு யாரோ சந்தேகப்பட்டதுக்கு, இந்தத் தண்ணியை நானும் என் வம்சமும் தொடமாட்டோம்னு சொல்லிட்டு, குடும்பத்தோட கிளம்பிப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்கு வந்துட்டாராம். ஊத்துக்குளி ஜமீன் அந்த வழிதான்னு சொல்றாங்க. கதையில எவ்வளவு நிஜமோ, ஆனா எங்க ஊர்ச் சனம் அதை விடாமச் சொல்லிட்டே இருக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும். ஆத்துல கை வெச்சவன் ஆத்தோரம் சொகுசா உக்காரக் கூடாதுங்கற எண்ணம் எங்க மண்ணுல எங்கேயோ கிடக்குது.

நான் காலிங்கராயன் இல்லை. எனக்கும் காசு வேணும். ஆத்தோர வீட்டை விருந்தாளிக்கு விடக்கூடாதுன்னு நான் சொல்லலை, சொன்னா நாளைக்கு என் தம்பிக்கு யார் பதில் சொல்றது? சரியா நடத்தினா சாளைக்கு ஓடு மாறும், ஊர்ல நாலு பொம்பளைங்களுக்கு வேலை கிடைக்கும், நம்ம வீட்டுக் கொள்ளும் ராகியும் விலை போகும். இப்ப எங்க பக்கம் தோப்புக்குத் தோப்பு 'ஃபார்ம் ஸ்டே' போர்டு. ஆழியாறு, குரங்கு அருவி, டாப்சிலிப், மாசாணியம்மன்னு சனி ஞாயிறுல ரோடே தெரியாது. அதை நிறுத்த யாராலயும் முடியாது.

ஆனா வர்ற நீங்க சில கேள்வி கேக்கலாம். ரூம்ல ஏசி இருக்கா, வைஃபை இருக்கான்னு கேக்கறீங்களே, அதோட சேர்த்து, கக்கூஸ் தண்ணி எங்கே போகுதுன்னும் கேளுங்க. ஆத்தோரத்துல மண்ணு மணல் பாங்கு. நல்ல தொட்டி கட்டாம வெறும் குழி வெட்டிவிட்டா நேரா ஆத்துக்குத்தான். காலையில நீங்க காபி கப்போட போட்டோ எடுக்கற அந்த ஆத்துத் தண்ணியைத்தான் கீழ ஊர்க்காரங்க குடிக்கறாங்க. ஆத்துக்குப் போற பாதையில ஊர்க்காரங்க நடக்கறாங்களான்னும் பாருங்க. கடவுல யாருமே இல்லாம ஆறு 'அமைதியா' இருந்தா, அதுக்காக நாலு பேரோட வழியை மூடியிருக்கான்னு வெச்சுக்கங்க. துணி துவைக்கற சத்தம் கேட்டா முகம் சுளிக்காதீங்க. ஆயிரம் மைல் தாண்டி வந்து பார்க்கற வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் நின்னு பார்க்கறாங்க, நம்மாளுங்கதான் "இவங்களை அந்தப் பக்கம் போகச் சொல்ல முடியாதா"ன்னு மேனேஜர்கிட்டக் கேக்கறாங்க. இது எங்க பக்கத்துத் தோப்புல என் காதாலயே கேட்டது.

வாய்க்காவைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆனைமலையில பழைய ஆயக்கட்டுன்னு 6,400 ஏக்கர் இருக்கு. அரியாபுரம், காரப்பட்டி, பள்ளிவிளங்கால், வடக்கலூர், பெரியணைன்னு அஞ்சு வாய்க்கா. அணை வர்றதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலயே ஆத்துல இருந்து நேராத் தண்ணி எடுத்த வாய்க்காலுக. அதனாலதான் எங்க பக்கம் இன்னும் நெல்லைப் பார்க்கறீங்க. 'பச்சைப் பசேல்'னு நீங்க போடற ரீல்ஸ் பூரா அந்த அஞ்சு வாய்க்காலோட புண்ணியம். வாய்க்காக் கரையை மறிச்சு மதில் கட்டினா தூர் வாற ஆள் உள்ளே போக முடியாது. ஒரு வருசம் தூர் வாராம விட்டா கடைமடைக்குத் தண்ணி ஏறாது. கடைமடை காஞ்சா அவன் வயலை விப்பான். வாங்கறது யாருன்னு நினைக்கறீங்க? இன்னொரு ஃபார்ம் ஸ்டேதான். நெல்லைப் பார்க்க வர்றவங்களுக்காக நெல்லையே காலி பண்றோம்.

தம்பிகிட்டப் பேசிட்டேன். லீசுக்குச் சம்மதம்னேன். ஆனா மூணு விசயம் பத்திரத்துல இருக்கணும். இட்டேரி இப்ப இருக்கற மாதிரியே திறந்து கிடக்கணும், வேலி வேணும்னா வீட்டைச் சுத்திப் போட்டுக்கட்டும். கழிவுத் தண்ணிக்கு முறையாத் தொட்டி கட்டணும், ஆத்துல இருந்து தள்ளி, தோட்டத்து மேட்டுப் பக்கம். நீச்சல் குளம் கிடையாது, ஆறு இருக்கறப்ப அது எதுக்கு.

"நீச்சல் குளம் இல்லைன்னா வாடகையில பாதி குறையுமாமா, ஏனுங்ணா இப்படிப் பண்றீங்க"ன்னான். கோவம்தான். அவன் வெட்டின அறுபது மரம் என் கண்ணுக்குள்ளயும் நிக்குது. அந்தப் பாதி வாடகையில என் பங்கை ரெண்டு வருசத்துக்கு நீயே எடுத்துக்கோ, உன் பக்கம் புதுக் கன்னு வெச்சு முடியற வரைக்கும்னு சொல்லியிருக்கேன். வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. இதைப் படிச்சாத்தான் தெரியும்.

பார்ட்டிகிட்டக் கேட்டுச் சொல்றேன்னிருக்கான். ஒரு வாரமா பதில் இல்லை. நாளைக்கு வெள்ளென எனக்கு வாய்க்கா முறை. மடையைத் திறக்க அந்த இட்டேரி வழியாத்தான் போகணும்.